பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் ஒரு நண்பர்: அரட்டையைத் தொடங்குவதும் தொடர்வதும்

விளையாட்டு, பாட்டு, படிப்பு என்று ஏதோ ஒன்றின் வழியாக இணையத்தில் இலங்கை நண்பர் ஒருவர் கிடைத்துவிட்டார். வாட்ஸ்அப் எண்ணும் பரிமாறியாகிவிட்டது. "எப்படி இருக்கீங்க?" "நல்லா இருக்கிறன், நீங்கள்?" அதற்கப்புறம் என்ன எழுதுவதென்று தெரியாமல் இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு நம்மைப் பற்றி நிறையத் தெரியும், நமக்கு அவர்களைப் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும். நம் படங்கள், சீரியல்கள், பாட்டுப் போட்டிகள், மீம்கள் எல்லாம் அங்கே அன்றாடம் ஓடுகின்றன. வடிவேலு வசனத்தில் பாதியைப் போட்டால் மீதியை அவர்கள் போடுவார்கள். நமக்கோ இலங்கை என்றால் போர், மீனவர் கைது, கிரிக்கெட் என்று செய்தியில் வந்ததுதான். அதனால் அரட்டையில் கேட்கிற வேலை பெரும்பாலும் நம்முடையது. நம் ஊர்ப் பெருமையை விளக்க வேண்டிய அவசியமே இல்லை, அதை அவர்கள் ஏற்கெனவே பார்த்துச் சலித்திருப்பார்கள்.

எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"இலங்கைத் தமிழர்" என்று ஒரே கூடையில் போடாதீர்கள். யாழ்ப்பாணத்துக்காரர், மட்டக்களப்புக்காரர், வன்னிக்காரர், கொழும்பிலேயே வளர்ந்தவர், மலையகத்தவர், முஸ்லிம் என்று ஒவ்வொருவரின் கதையும் பேச்சும் வேறு. முஸ்லிம்களில் பெரும்பாலோர் வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள். ஆனால் தங்களை முஸ்லிம் என்று தனி இனமாகத்தான் சொல்லிக்கொள்வார்கள், தமிழர் என்று அல்ல. "தமிழ் பேசுறீங்க, அப்புறம் எப்படி?" என்று அங்கே விவாதத்தைத் தொடங்க வேண்டாம்.

நம் ஊரில் பழகிய முதல் கேள்வி "சொந்த ஊர் எது?" அந்தப் பக்கம் அது அவ்வளவு லேசான கேள்வி இல்லை. 1990 அக்டோபரில் வடக்கில் இருந்த முஸ்லிம்கள் முழுவதுமாக விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பலர் புத்தளத்தில் குடியேறினார்கள். 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் ஒரே இரவில் நடந்து இடம்பெயர்ந்தார்கள். பிறந்தது ஒரு ஊர், படித்தது இன்னொன்று, வீடு இருந்த இடத்தில் ராணுவ முகாம் என்று ஒருவருக்கு இருக்கலாம். "இப்போ எந்தப் பக்கம் இருக்கீங்க?" என்று கேளுங்கள். சொந்த ஊர்க் கதை சொல்லத் தோன்றினால் அவர்களே சொல்வார்கள். சாதியைக் கண்டுபிடிக்க ஊரைக் கேட்கிற பழக்கம் அங்கேயும் உண்டு என்பதால், நீங்கள் எந்த நோக்கமும் இல்லாமல் கேட்டாலும் அவர்கள் காதில் அப்படி விழ வாய்ப்பிருக்கிறது.

ஹட்டன், நுவரெலியா, பதுளை என்று மலையகப் பக்கத்து நண்பர் என்றால் இன்னொரு எச்சரிக்கை. 19ஆம் நூற்றாண்டில் நம் தமிழ்நாட்டு மாவட்டங்களில் இருந்து காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழி வந்தவர்கள் அவர்கள். "அப்போ நீங்க எங்க ஊர்க்காரங்கதானே!" என்று பாசத்தில் சொல்லத் தோன்றும். 1948இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, பலரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவெடுத்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் குடும்பம் இரண்டாகப் பிரிந்து, எஞ்சியவர்களுக்கு 2003 சட்டம் வந்த பிறகே குடியுரிமைப் பிரச்சினை தீர்ந்தது. "நீங்கள் இந்த நாட்டவர் இல்லை" என்ற பேச்சைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்களிடம் நாமும் போய் அதையே அன்பாகச் சொல்ல வேண்டாம். மாறாக, ஒப்பந்தத்தில் இந்தியா திரும்பியவர்கள் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் நிறைய இருக்கிறார்கள். நீங்கள் நீலகிரிக்காரர் என்றால் நல்ல பேச்சு அங்கேயே கிடைத்துவிடும்.

முதல் சில நாட்களுக்கு மழை போதும்

வானிலை பற்றிப் பேசுவது சும்மா ஒப்புக்கு என்று நினைப்போம். இந்த இரண்டு கரைகளுக்கும் இடையில் அது உண்மையான விசாரிப்பு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரே வடகிழக்குப் பருவமழைதான் நாகப்பட்டினத்திலும் முல்லைத்தீவிலும் கொட்டுகிறது. 2024 நவம்பரில் ஃபெங்கல் புயல் முதலில் அவர்கள் கிழக்குக் கரையை வெள்ளத்தில் தள்ளிவிட்டு அப்புறம் புதுச்சேரிக்கு வந்தது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலையகத்தில் மண்சரிவுகளால் பேரழிவு செய்துவிட்டு நம் கடற்கரைப் பக்கம் திரும்பியது. அங்கே "தாழமுக்கம்" என்று சொன்னால் நம் தொலைக்காட்சியில் சொல்லும் காற்றழுத்தத் தாழ்வு நிலைதான். செய்தியில் அதைக் கேட்டதும் இப்படி ஒரு வரி அனுப்பலாம்:

"அங்க மழை எப்படி? தண்ணி ஏதும் ஏறலையே?"

"விடாமல் பெய்யுது. ரோட்டில தண்ணி. வீட்டுக்குள்ள வரேல்லை. உங்கட பக்கம் நாளைக்கு வருமாம்."

இதுபோதும், ஒரு மணி நேரம் பேசலாம். மே, ஜூனில் நிலைமை தலைகீழ். சென்னையில் கத்திரி வெயில் வாட்டும்போது கொழும்பிலும் மலையகத்திலும் தென்மேற்குப் பருவமழை. அப்போது புலம்பல் உங்களுடையது, கிண்டல் அவர்களுடையது.

நேரக் கணக்கு போட வேண்டியதில்லை. 1996இல் இலங்கை தன் கடிகாரத்தை முன்னால் தள்ளி, 2006 ஏப்ரலில் மறுபடி நம் நேரத்துக்கே வந்துவிட்டது. இங்கே இரவு பதினொன்று என்றால் அங்கேயும் அதேதான். "அங்க இப்ப என்ன டைம்?" என்று கேட்டால் சிரிப்பார்கள்.

சாப்பாடு

எல்லா அரட்டைக் கையேடுகளும் சாப்பாட்டைப் பற்றிப் பேசச் சொல்லும். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே பெயரில் வேறு வேறு பொருள் இருப்பதால் இங்கே அது கூடுதல் சுவை. இடியப்பம் என்றால் நமக்குத் தேங்காய்ப்பால் சர்க்கரை, இல்லாவிட்டால் குருமா. அவர்களுக்குச் சொதியும் சம்பலும். சொதி என்றதும் திருநெல்வேலிக்காரர்கள் துள்ளிக் குதிப்பார்கள், கல்யாண மறுவீட்டுச் சாப்பாட்டில் வரும் சொதி அவர்களுடையது. இரண்டுக்கும் தேங்காய்ப்பால்தான் அடிப்படை. ஆனால் நெல்லைச் சொதியில் பருப்பும் காய்களும் சேர்ந்து கெட்டியாக இருக்கும். யாழ்ப்பாணத்துச் சொதி தண்ணீராக ஓடும். யாருடையது சொதி என்ற சண்டையை ஒரு வாரம் இழுக்கலாம், யாருக்கும் கோபம் வராது.

கொத்து அடுத்தது. மதுரைப் பக்கம் கொத்து பரோட்டா, அங்கே கொத்து ரொட்டி. இரவில் கடைக்கு முன்னால் நின்றால் தகட்டில் அடிக்கும் சத்தம் இரண்டிலும் ஒன்றுதான், அதை வாய்ஸ் நோட்டில் பதிந்து அனுப்பினால் போதும், பதிலுக்கு அவர்களுடையது வரும். பாண் என்றால் பிரெட், தேத்தண்ணி என்றால் டீ. பால் இல்லாத பிளேன்டீ அங்கே சாதாரணம், நம் ஊர்க் காப்பிப் பைத்தியம் அவர்களுக்கு வேடிக்கை. ராமநாதபுரம், தூத்துக்குடிக்காரர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, பனை. பனங்கிழங்கு இரண்டு பக்கமும் உண்டு. அதைக் காயவைத்து ஒடியலாக்கி, மாவாக்கி, மீனும் நண்டும் போட்டு ஒடியற்கூழ் காய்ச்சுவது யாழ்ப்பாணத்து வேலை. "எப்படிச் செய்வீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் நீளமாக வரும், பல சமயம் அம்மாவின் குரலிலேயே.

எப்படிக் கூப்பிடுவது

வயது தெரியும் வரை "நீங்கள்". தெரிந்த பிறகு அண்ணா, அக்கா, தம்பி, தங்கச்சி எல்லாம் அங்கேயும் இதே பொருளில்தான். முஸ்லிம் நண்பர்களிடம் மட்டும் கவனம். அவர்களில் பலருக்கு மூத்த சகோதரர் நானா, மூத்த சகோதரி தாத்தா. "என் தாத்தாவுக்கு அடுத்த மாசம் கல்யாணம்" என்று ஒருவர் எழுதினால் பதறாமல் வாழ்த்துச் சொல்லுங்கள். மச்சான் என்பது தமிழர், முஸ்லிம், சிங்களவர் மூன்று பேரும் நண்பர்களிடம் சொல்லும் சொல். அவர் முதலில் சொன்னால் நீங்களும் சொல்லலாம். "டா" போடுவதற்கு அவசரம் வேண்டாம், பெண் நண்பர்களிடம் இன்னும் பொறுங்கள்.

யாழ்ப்பாணத்து நண்பர் நெருங்கிய பிறகு "நீர் என்ன செய்யிறீர்?" என்று எழுதக்கூடும். அது புலவர் நடையும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. "நீங்கள்" என்பதற்கும் "நீ" என்பதற்கும் நடுவில் ஒரு தோழமைப் படி அவர்களிடம் இருக்கிறது, அவ்வளவுதான். பதிலுக்கு நீங்களும் "நீர்" போட வேண்டாம். நம் வாயில் அது நாடகமாகிவிடும்.

ஓம் என்றால் ஆமாம். கதைக்கலாமோ என்று கேட்டால் போனில் பேசலாமா என்று பொருள். பெடியன், பெட்டை என்பது பையன், பெண். இரண்டாவது நம் காதுக்கு உறுத்தும், ஆனால் வடக்கில் சர்வ சாதாரணம். "சரக்கு முடிஞ்சுது, அம்மா இடிக்கிறா" என்றால் கறித்தூளைத்தான் சொல்கிறார். மற்றதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இதில் ஒரே ஒரு தடை இருக்கிறது, அதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். "நீங்க பேசுறது மலையாளம் மாதிரியே இருக்கு!" இந்த வாக்கியத்தைத் தமிழ்நாட்டில் இருந்து கேட்காத யாழ்ப்பாணத்துக்காரர் யாரும் இருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். பாராட்டாகச் சொன்னாலும் சொல்லாதீர்கள். அதேபோலப் படங்களில் வரும் அரைகுறை ஈழத் தமிழை வைத்துக்கொண்டு அவர்களிடமே பேசிக் காட்டுவதும் வேண்டாம். வாய்ஸ் நோட் வேகமாகப் போய்ப் புரியவில்லை என்றால் "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்றாலே போதும். அவர்களும் நம்மிடம் பேசும்போது தங்கள் பேச்சை நம் பக்கம் கொஞ்சம் சாய்த்துத்தான் பேசுகிறார்கள். பழகப் பழக அது குறைந்து சொந்தப் பேச்சு வரும்.

கிரிக்கெட்டை வைத்து

எளிதான பேச்சு போலத் தெரியும். ஆனால் உங்கள் நண்பர் இலங்கை அணியை ஆதரிக்கிறார் என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது. தமிழர்களில் இந்திய அணிக்குக் கைதட்டுபவர்கள் உண்டு, இலங்கை அணிக்கு உயிரை விடுபவர்களும் உண்டு, இரண்டும் வேண்டாம் என்பவர்களும் உண்டு. "மேட்ச் பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். பதிலிலேயே தெரிந்துவிடும்.

இலங்கை ரசிகர் என்று தெரிந்தால் 2023ஐ விட்டுவிடுங்கள். செப்டம்பரில் கொழும்பில் ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் 50, நவம்பரில் மும்பையில் உலகக் கோப்பையில் 55 என்று இந்தியாவிடம் சுருண்ட வருடம் அது. மீம் போட ஆசையாக இருக்கும். அவர்கள் கையிலும் ஆயுதம் உண்டு. 1996 மார்ச்சில் ஈடன் கார்டன் அரையிறுதி, 98க்கு ஒரு விக்கெட் என்று இருந்த இந்தியா 120க்கு எட்டு ஆகி, கூட்டம் பாட்டில் எறிந்து ஆட்டமே நின்றுபோனது. 2014இல் டாக்காவில் டி20 உலகக் கோப்பை இறுதியாட்டமும் அவர்களுடையது. 2011 வான்கடே உலகக் கோப்பை இறுதியாட்டம் நம்முடையது என்பதால் அதை நாம் எடுத்தால் இதையெல்லாம் அவர்கள் எடுப்பார்கள். கொஞ்சம் பழகிய பிறகு என்றால் நல்ல வேடிக்கைதான்.

முத்தையா முரளிதரன் பேச்சு மட்டும் மெதுவாக. 800 விக்கெட், கண்டித் தமிழர், சென்னை மருமகன், சென்னை அணிக்கு ஆடியவர் என்று நமக்கு எல்லாம் இனிப்பாகத் தெரியும். ஆனால் அவருடைய அரசியல் கருத்துகளால் தமிழர்களிடையே அவரைப் பற்றிய மனநிலை கலவையானது. 2020இல் அவரைப் பற்றிய படத்துக்குத் தமிழ்நாட்டிலேயே எதிர்ப்பு கிளம்பி நடிகர் விலகியதை நினைவில் வையுங்கள். பத்திரமான பேச்சு வேண்டும் என்றால் பள்ளிக்கூட கிரிக்கெட். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் 1904 முதல் நடக்கும் வடக்கின் பெரும் சமர் என்ற ஆட்டம் ஊரையே இரண்டாக்கும். நம் பள்ளிகளில் இப்படி ஒன்று கிடையாது, அதனால் நிஜமான ஆர்வத்தோடு கேட்கலாம்.

அவர்கள் நாள்காட்டி

ஒவ்வொரு பௌர்ணமியும் இலங்கையில் அரசு விடுமுறை, போயா என்பார்கள். அன்று மதுக்கடை, இறைச்சிக்கடை கிடையாது. வாரத்தின் நடுவில் ஒரு நாள் நண்பர் பகல் முழுக்க ஆன்லைனில் இருந்தால் நிலாவைப் பாருங்கள். மே மாதத்தையொட்டி வரும் வெசாக் (நம் புத்த பூர்ணிமா) போயாவில் தெருவெல்லாம் காகித விளக்குக் கூடுகள் தொங்கும், தன்சல் என்று இலவசச் சாப்பாடு கொடுப்பார்கள். கொழும்பு நண்பர் என்றால் படம் கேளுங்கள்.

பொங்கலும் ஏப்ரல் புத்தாண்டும் பொது. பரீட்சைகளும் தெரிந்திருந்தால் நல்லது. நம் பத்தாம் வகுப்புக்கு இணையாக ஓ லெவல், பிளஸ் டூவுக்கு இணையாக ஏ லெவல். ஏ லெவல் எழுதப் போகிறவரிடமோ, பிள்ளை எழுதும் வீட்டிலோ சில மாதங்களுக்குப் பதில் தாமதமாகத்தான் வரும். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மே 18, நவம்பர் 27. வடக்கு கிழக்கில் பல வீடுகளுக்கு இவை போரில் இறந்தவர்களை நினைக்கும் நாட்கள். அந்த வாரங்களில் நண்பர் அமைதியாகிவிடலாம். மீம் அனுப்பாதீர்கள், "ஏன் பேசல?" என்று துளைக்காதீர்கள். அதைவிட முக்கியம், அவரை எந்த அரசியல் பதிவிலும் டேக் செய்யாதீர்கள். விடுதலைப் புலிகள் சம்பந்தமான படங்களைப் பகிர்ந்ததற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானவர்கள் அங்கே உண்டு. நீங்கள் சென்னையில் உட்கார்ந்து உணர்ச்சியில் போடும் ஒரு பதிவுக்கு அவர் வீட்டு வாசலில் யாரோ வந்து நிற்கும்படி ஆகக் கூடாது.

போர் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம், அவர்கள் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். மீனவர் பிரச்சினையும் அப்படியே. நமக்கு அது கைது, படகுப் பறிமுதல். யாழ்ப்பாணத்து மீனவருக்கு அது நம் இழுவைமடி விசைப்படகுகள் அறுத்துப்போட்ட வலைகள். இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டே தடை செய்தது. கடலோர நண்பர் என்றால் இதில் அவருக்குச் சொந்த நஷ்டமே இருக்கலாம். 2022 நெருக்கடிக் கதைகள் வேறு மாதிரி. மணிக்கணக்கில் மின்வெட்டு, நாள் கணக்கில் பெட்ரோல் வரிசை, அப்புறம் க்யூஆர் கோட் போட்டுப் பெட்ரோல் என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். அவர்கள் தொடங்கட்டும். "ஏன் நீங்க வெளிநாடு போகல?" என்ற கேள்வி எப்போதும் வேண்டாம். கனடாவிலோ லண்டனிலோ உறவினர் இருக்கிற வீடுகள் நிறைய, அந்தக் கேள்வியை அவர்கள் உறவினர்களே போதுமான அளவு கேட்டுவிட்டார்கள்.

சில்லறை விஷயங்கள், ஆனால் தேவை

டிக்டாக் இந்தியாவில் 2020 ஜூனில் தடை செய்யப்பட்டது, அங்கே எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். அவர் அனுப்பும் டிக்டாக் லிங்க் உங்களுக்குத் திறக்காது. "பார்த்தேன், சூப்பர்" என்று பொய் சொல்லாமல் வீடியோவாக இறக்கி அனுப்பச் சொல்லுங்கள். சாதாரண போன் அழைப்பு ஐஎஸ்டி கட்டணத்தில் போகும், வாட்ஸ்அப்பிலேயே பேசுங்கள். விலைகளை ஒப்பிடும்போது ஒரு இந்திய ரூபாய் ஏறத்தாழ மூன்றரை இலங்கை ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சம்பளமும் அந்த ரூபாயில்தான் என்பதையும் சேர்த்து.

பணம் கேட்டால் எந்தப் பக்கமாக இருந்தாலும் அரட்டையை அங்கேயே நிறுத்திவிட்டு வீடியோ காலில் ஆளைப் பாருங்கள். "உங்களுக்குப் பரிசு அனுப்பினேன், கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது, கொஞ்சம் கட்டுங்கள்" என்பது பழைய மோசடி. உண்மையான நண்பர் வேட்டி, மிட்டாய், தேயிலை என்று ஏதாவது கொடுக்க விரும்பினால் வருகிறவர் போகிறவர் கையில்தான் கொடுத்தனுப்புவார்.

"ஒரு தடவை கிளம்பி வாங்களேன்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். அவர்களுக்கு இந்திய விசா வேண்டும், செலவும் உண்டு. ஆனாலும் நிறையப் பேர் வருகிறார்கள், கல்யாணப் புடவைக்குத் தி.நகர், வைத்தியத்துக்குச் சென்னை, கோயில்களுக்குத் திருச்சி, தஞ்சாவூர். அப்படி யாராவது வருவதாகச் சொன்னால் எந்தக் கடையில் பேரம் பேசலாம், எந்த ஏரியாவில் தங்கலாம் என்ற பேச்சிலேயே பாதி நட்பு உறுதியாகிவிடும். நீங்கள் போவதென்றால் சென்னையில் இருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு விமானம் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. பருவமழைக் காலத்தில் அது நிறுத்தப்படும். அதனால் டிக்கெட் பார்ப்பதற்கு முன்னால் நண்பரிடம் பழைய கேள்வியையே கேளுங்கள்: அங்க மழை எப்படி?